மனநல நெருக்கடிப் பராமரிப்பில் ஒத்த அனுபவத் துணை: மருத்துவமனைக்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட காலத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மனநல நெருக்கடிக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒருவர், அபாயம் தணிந்ததும் வீடு திரும்புகின்றார். அவர் மீண்டும் நெருக்கடிக்கு உள்ளாகும் வாய்ப்பு அதற்கடுத்த சில மாதங்களில் மிகுதியாக உள்ளது. ஆயின் பராமரிப்பு மிகவும் மெலிந்து காணப்படுவதும் அம்மாதங்களில்தான். அதே வகையான நெருக்கடியை முன்னர்க் கடந்து வந்த ஒருவரை, உரிய பயிற்சியும் ஊதியமும் மேற்பார்வையும் அளித்து, இவ்விடைவெளியில் துணையாக அமர்த்துவது பயன் தருமா, தருமாயின் எவ்வரையறைகளுக்கு உட்பட்டுத் தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. சட்டம், வரலாறு, வெளியான ஆய்வு முடிவுகள் ஆகியவற்றின் துணைகொண்டு தமிழ்நாட்டுச் சூழலுக்கு ஏற்ற ஒருங்கிணைப்பு முறை ஒன்றும் முன்மொழியப்படுகின்றது. இக்கட்டுரை விளக்கமுறை, ஒப்பீட்டு முறை ஆகிய அணுகுமுறைகளைப் பின்பற்றுகின்றது.

திறவுச் சொற்கள்: மனநல நெருக்கடி, ஒத்த அனுபவத் துணை, சமூக மனநலம், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தற்கொலைத் தடுப்பு, ஆற்றுப்படுத்தல்.

1. முன்னுரை

2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் 28 பேர் உயிரிழந்தனர். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பிக்க இயலவில்லை. தமிழ்நாட்டு மனநல வரலாற்றில் இந்நிகழ்வு ஒரு திருப்புமுனையாகும். அதன் பின்னர் உச்ச நீதிமன்றம் தலையிட்டது; பதிவு பெறாத காப்பகங்கள் மூடப்பட்டன; மாவட்ட மருத்துவமனைகளில் மனநலச் சேவை படிப்படியாக விரிவடைந்தது. சங்கிலியிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் பாதை ஓரளவேனும் உருவாயிற்று எனலாம்.

மருத்துவமனையிலிருந்து வீட்டிற்குத் திரும்பும் பாதையைப் பற்றி இதே உறுதியுடன் கூற இயலாது. நெருக்கடிப் பராமரிப்பு குறித்த நம் உரையாடல்கள் பெரும்பாலும் படுக்கை வசதி, மருந்து இருப்பு, மருத்துவர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. இவை அனைத்தும் இன்றியமையாதவை. எனினும் நெருக்கடி என்பது மருத்துவமனையில் தொடங்கி மருத்துவமனையில் முடியும் ஒன்றன்று. அதன் பெரும்பகுதி வீட்டிலும் தெருவிலும் பணியிடத்திலும் நிகழ்கின்றது. அங்கு உடன் நடப்பவர் யார் என்னும் வினாவே இக்கட்டுரையின் மையப் பொருளாகும்.

2. கலைச்சொல்லும் கருத்தும்

மனநோயையோ மனநல நெருக்கடியையோ தம் வாழ்வில் அனுபவித்து, அதிலிருந்து மீண்டு வாழக் கற்றுக்கொண்ட ஒருவர், அதே நிலையிலுள்ள மற்றொருவருக்கு அவ்வனுபவத்தின் அடிப்படையில் அளிக்கும் உதவியை இக்கட்டுரை ‘ஒத்த அனுபவத் துணை’ எனக் குறிப்பிடுகின்றது. அவ்வுதவியை அளிப்பவர் ‘அனுபவத் துணைவர்’ எனப்படுகின்றார். ‘சகபாடி’, ‘சக நண்பர்’ போன்ற வழக்குகள் வயதாலோ வகுப்பாலோ ஒத்தவரையே சுட்டுவதால் அவை இங்குத் தவிர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மனநல நல்லாதரவு மன்றத்தில் மாணவர்க்கு மாணவர் துணையாகின்றனர். அது பயனுள்ள முயற்சி. எனினும் அங்கு ஒப்புமை கல்விச் சூழலில் அமைகின்றது. இங்குப் பேசப்படும் ஒப்புமை நோயனுபவத்தில் அமைகின்றது. இவ்வேறுபாடு பின்னர் வரும் பகுதிகளுக்கு அடிப்படையாகும்.

இக்கருத்து தமிழ் மரபுக்கு முற்றிலும் புதியதன்று. ஆலோசனை வழங்கும் பணியை இன்று ‘ஆற்றுப்படுத்தல்’ எனவும் அப்பணியாளரை ‘ஆற்றுப்படுத்துநர்’ எனவும் வழங்குகின்றோம். இச்சொல்லின் வேர் ஆற்றுப்படை இலக்கியத்தில் உள்ளது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்று எதிர்வரும் மற்றொரு பாணனைக் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற பேற்றையும் எடுத்துரைத்து அவ்வழியில் செலுத்துவது இவ்விலக்கிய வகையின் அமைப்பாகும். இதில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவதாக, வழி கூறுபவரும் கேட்பவரும் ஒரே நிலையினர். இரண்டாவதாக, கூறுபவர் அவ்வழியில் தாமே நடந்து மீண்டவர். மலைபடுகடாத்தில் வழியின் இடர்களும் தங்குமிடங்களும் விரிவாகச் சொல்லப்படுவது இங்கு நினைக்கத்தக்கது. மூன்றாவதாக, வழி கூறுபவர் கேட்பவருக்காக நடப்பதில்லை. கேட்பவர் தாமே நடக்கின்றார். இன்று ‘ஆற்றுப்படுத்துநர்’ என்னும் சொல் பயிற்சி பெற்ற வல்லுநரைக் குறிக்கின்றது. ஆனால் அச்சொல் பிறந்த சூழலோ அனுபவத் துணைவரின் பணிக்கே நெருக்கமாக உள்ளது.

இவ்வொப்புமையை ஓர் எல்லைக்கு மேல் நீட்டுதல் பொருந்தாது. ஆற்றுப்படையின் இலக்கு புரவலரின் புகழ். அனுபவத் துணையின் இலக்கு மீள்பவரின் வாழ்வு. எனினும் ‘நடந்து வந்தவர் சொல்லும் வழி’ என்னும் கருத்தைத் தமிழ் வாசகர் எளிதில் உணர இஃது உதவும்.

3. வரலாற்றுப் பின்புலம்

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசின் பிசெத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பிரிவின் கண்காணிப்பாளராக விளங்கிய ழான்-பப்திஸ்த் புசேன், அதே மருத்துவமனையில் முன்பு கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். குணமடைந்தோரைப் பணியாளராக அமர்த்தும் வழக்கத்தை அவர் அங்குப் பின்பற்றினார். அவர்கள் நோயாளரிடம் கொடுமையின்றி நடந்துகொள்வர் என்பது அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மருத்துவர் பிலிப் பினெல் இவ்வழக்கத்தைப் பாராட்டிப் பதிவு செய்துள்ளார்.

1935 இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் தோன்றிய குடிநோயாளர் தற்காப்பு இயக்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், ஒத்த அனுபவத்தையே முழு அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டு நகரங்களிலும் அதன் கூட்டங்கள் நடைபெறுவதால் இவ்வகைத் துணை நமக்கு முன்பே அறிமுகமானது. 1970களில் மனநலச் சேவையைப் பயன்படுத்தியோர் தம் உரிமைகளுக்காக இயக்கமாகத் திரண்டனர். ஜூடி சேம்பர்லின் எழுதி 1978 இல் வெளியான நூல் அவ்வியக்கத்தின் முதன்மையான ஆவணமாகும். 1999 இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், அனுபவத் துணைவரின் சேவைக்கு அரசுக் காப்பீட்டு நிதியிலிருந்து கட்டணம் வழங்கத் தொடங்கியது. தன்னார்வமாக இருந்த துணை, ஊதியம் பெறும் பணியாக மாறியது இவ்வாறே.

ஆக, இத்துணை இரு வேறு ஊற்றுகளிலிருந்து பிறந்துள்ளது: ஒன்று மருத்துவமனையின் தேவை, மற்றொன்று பயனாளர்களின் உரிமைக் குரல். இவ்விரண்டிற்கும் இடையிலான இழுபறி இன்றும் ஓயவில்லை. ஒருங்கிணைப்பின்போது எழும் சிக்கல்கள் பலவும் இங்கிருந்தே தோன்றுகின்றன.

4. நெருக்கடியின் கட்டங்கள்

மனநல நெருக்கடியை நான்கு கட்டங்களாகப் பகுத்துக் காணலாம். உறக்கமின்மை, ஒதுங்குதல், பேச்சில் மாற்றம் எனத் தொடக்க அறிகுறிகள் தோன்றும் காலம் முதற்கட்டம். தமக்கோ பிறர்க்கோ தீங்கு நேரலாம் என்னும் நிலை இரண்டாம் கட்டம். மருத்துவமனைச் சிகிச்சை மூன்றாம் கட்டம். வீடு திரும்பி வாழ்வை மீண்டும் தொடங்கும் காலம் நான்காம் கட்டம்.

நான்காம் கட்டத்தின் அபாயம் போதிய அளவு உணரப்படுவதில்லை. மனநல மருத்துவமனைகளிலிருந்து விடுவிக்கப்பட்டோரிடையே நிகழும் தற்கொலை குறித்த 100 ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, அவர்களிடையே தற்கொலை விகிதம் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேருக்கு 484 எனக் கணக்கிட்டது. விடுவிக்கப்பட்ட முதல் மூன்று மாதங்களை மட்டும் கருதினால் அவ்விகிதம் 1,132 ஆக உயர்ந்தது. இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை மேலைநாடுகளைச் சார்ந்தவை. ஆதலின் எண்களை அப்படியே நம் சூழலுக்குப் பொருத்த இயலாது. எனினும் அபாயம் விடுவிப்பை ஒட்டிய மாதங்களில் குவிகின்றது என்னும் போக்கு தெளிவானது.

தமிழ்நாட்டிற்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இல் இந்தியாவில் பதிவான 1,70,924 தற்கொலை இறப்புகளில் 19,834 தமிழ்நாட்டில் நிகழ்ந்தவை. மகாராட்டிரத்திற்கு அடுத்த இரண்டாம் இடம் இது. தற்கொலை அனைத்தும் மனநோயின் விளைவு அன்று; கடன், குடும்பப் பூசல், உடல்நோய் எனக் காரணங்கள் பலவுள. ஆயினும் நெருக்கடிக்குப் பிந்தைய தொடர்பு உயிர்களைக் காக்கும் என்பதற்குச் சான்று உண்டு.

இந்நான்காம் கட்டம் நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதைக் கற்பனை எடுத்துக்காட்டு ஒன்றின்வழிக் காணலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பத்து நாள் சிகிச்சை பெற்று ஊர் திரும்பும் இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவரைக் கருதுவோம். அவர் கையில் மருந்துச் சீட்டும் அடுத்த மாத வருகை நாளும் உள்ளன. மருந்தின் அயர்வால் காலையில் எழ இயலவில்லை; அதனைச் சோம்பல் என்கின்றார் தந்தை. வேலை பார்த்த பட்டறையில் என்ன காரணம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தங்கையின் திருமணப் பேச்சு நடைபெறுவதால் நோயைப் பற்றி எவரிடமும் பேசக் கூடாது என்கின்றார் தாய். மருத்துவர் அடுத்த மாதம் கேட்கவிருக்கும் வினாக்களில் இவற்றுள் பெரும்பாலானவை இடம்பெறாமல் போகலாம். நெரிசல் மிக்க புறநோயாளர் பிரிவில் ஒரு சில நிமிடங்களே ஒருவருக்கு வாய்க்கின்றன. அயர்வு எப்போது குறையும், மருந்தின் அளவை மாற்றுமாறு மருத்துவரிடம் எப்படிக் கேட்பது, பட்டறைக்கு முதல் நாள் எப்படிப் போவது என்பவற்றைத் தம் அனுபவத்திலிருந்து பேசக்கூடிய ஒருவர் இம்மாதத்தில் நான்கு முறை அவ்வீட்டிற்கு வந்தால் நிலைமை வேறாகும்.

5. சட்டம் தரும் இடம்

இந்தியா 2007 இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. அதற்கு இணங்க இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. நெருக்கடிப் பராமரிப்போடு தொடர்புடைய அதன் கூறுகள் சில பின்வருமாறு அமைகின்றன.

தாம் முடிவெடுக்க இயலாத நிலையில் எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 5 ஆம் பிரிவு வழங்குகின்றது. தமக்கான பிரதிநிதியை நியமித்துக்கொள்ளும் உரிமையை 14 ஆம் பிரிவு அளிக்கின்றது. சமூகத்தில் வாழும் உரிமையை 19 ஆம் பிரிவு உறுதி செய்கின்றது. அவசரச் சிகிச்சையைப் பொதுவாக 72 மணி நேரத்திற்குள் வரையறுக்கின்றது 94 ஆம் பிரிவு. சங்கிலியிடுதலை 95 ஆம் பிரிவு தடை செய்கின்றது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் 115 ஆம் பிரிவு கூறுகின்றது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309 ஆம் பிரிவு இடம்பெறவில்லை என்பதும் இங்கு இணைத்துக் கருதத்தக்கது.

மனநல மறுஆய்வு வாரியங்களில் மனநோய் அனுபவம் உள்ளோர், பராமரிப்பாளர் அல்லது அவர்தம் அமைப்பினர் இடம்பெறவும் சட்டம் வழிசெய்துள்ளது. ஆயின் அனுபவத் துணைவர் என்னும் பணிநிலையைச் சட்டம் வரையறுக்கவில்லை. முன்விருப்ப ஆவணம் எழுதும் உரிமை ஏட்டில் உள்ளது. அதனை எழுத எவர் துணைசெய்வார் என்பதற்கு விடையில்லை. மீண்ட பின்னர், அமைதியான மனநிலையில், ‘அடுத்த முறை இவ்வாறு நேர்ந்தால் எனக்கு இதனைச் செய்யுங்கள்’ என எழுதுவதற்கு, தாமும் அவ்வாறு எழுதிய ஒருவரே பொருத்தமான துணையாவார். சட்டம் தந்த உரிமையைப் பயன்பாட்டிற்குக் கொணரும் வழியாகவும் அனுபவத் துணையைக் கருதலாம்.

6. ஆய்வுச் சான்றுகள்

6.1 தொடர்பின் பயன்

உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவுகள் 2008 இல் வெளியாயின. தற்கொலைக்கு முயன்று அவசரச் சிகிச்சைப் பிரிவிற்கு வந்த 1,867 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்கு ஏறத்தாழ ஒரு மணி நேர விளக்க உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி வழியாகவோ நேரிலோ தொடர்பும் கூடுதலாக அளிக்கப்பட்டன. தற்கொலையால் இறந்தோர் முதற்பிரிவில் 2.2 விழுக்காடு, தொடர்பு பெற்ற பிரிவில் 0.2 விழுக்காடு. இத்தொடர்பை மேற்கொண்டோர் மருத்துவர், செவிலியர், உளவியலாளர் போன்றோர். அனுபவத் துணைவர் அல்லர். எனவே இது ஒத்த அனுபவத்தின் பயனை நேரடியாக நிறுவும் சான்றன்று. நெருக்கடிக்குப் பின் யாரேனும் ஒருவர் முறையாகத் தொடர்பில் இருப்பதே உயிர்காக்கும் என்பதை இது காட்டுகின்றது.

தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழ் ஏதிலியர் முகாம்களில், பயிற்சி பெற்ற சமூகத் தன்னார்வலர்கள் வழியாகத் தொடர்பும் பாதுகாப்புத் திட்ட அட்டையும் அளிக்கும் முறை சோதிக்கப்பட்டு, அதன் முடிவுகள் 2017 இல் வெளியாயின. வல்லுநர் அல்லாதோரும் இப்பணியில் பங்கேற்க இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

6.2 ஒத்த அனுபவத்தின் பயன்

அனுபவத் துணைவரை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுள் 2018 இல் இலான்செட் இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வு முதன்மையானது. வீட்டிற்கே சென்று பராமரிப்பு அளிக்கும் ஆறு நெருக்கடிக் குழுக்களின் பயனாளர் 441 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் அனுபவத் துணைவரைப் பத்து முறை வரை சந்தித்தனர். தம் இலக்குகள், தொடக்க அறிகுறிகள், மீண்டும் நெருக்கடி நேராமல் காக்கும் வழிகள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளும் பயிற்சி ஏடு ஒன்றை அச்சந்திப்புகளில் இருவரும் சேர்ந்து நிறைவு செய்தனர். மற்றொரு பிரிவினர்க்கு அதே ஏடு அஞ்சலில் அனுப்பப்பட்டது. ஓராண்டிற்குள் மீண்டும் தீவிரப் பராமரிப்பில் சேர்க்கப்பட்டோர் முதற்பிரிவில் 29 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் 38 விழுக்காடு. ஏடு இரு பிரிவினர்க்கும் பொதுவாதலின், வேறுபாட்டிற்குக் காரணம் உடனிருந்த மனிதரே என்னும் முடிவுக்கு இவ்வாய்வமைப்பு இடமளிக்கின்றது.

இதற்கு மாறான முடிவுகளும் உள. உள்நோயாளராக இருந்து வீடு திரும்பியோர்க்கு அனுபவத் துணை அளித்துச் சோதித்த மற்றோர் இங்கிலாந்து ஆய்வு 2022 இல் வெளியாயிற்று. மறு சேர்க்கை விகிதத்தில் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை அது காணவில்லை. அதற்கு முன் 2014 இல் வெளியான தொகுப்பாய்வும், மருத்துவமனைச் சேர்க்கை குறைவதற்கு உறுதியான சான்று இல்லை என்றும், நம்பிக்கை, மீட்சியுணர்வு, தன்னாற்றல் ஆகியவற்றில் ஓரளவு பயன் தென்படுகின்றது என்றும் குறிப்பிட்டது.

இம்முடிவுகளை ஒருங்கே நோக்கும்போது, அனுபவத் துணை எவ்விடத்தில் எவ்வாறு சேர்த்தாலும் பயன் தரும் மருந்தன்று என்பது புலனாகின்றது. 2018 ஆய்வில் தெளிவான கால எல்லையும், இருவரும் சேர்ந்து செய்யும் வரையறுத்த பணியும், துணைவரைத் தாங்கும் நெருக்கடிக் குழுவும் இருந்தன. இவை ஒருங்கிணைப்பின் அடிப்படைகளாகக் கொள்ளத்தக்கவை என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

6.3 பிற நாடுகளின் நிறுவன வடிவங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டி, அனுபவத் துணைவர் நடத்தும் நெருக்கடி இல்லங்களையும் முன்மாதிரிகளாகக் குறிப்பிடுகின்றது. அமெரிக்காவின் மசாசூசெட்சிலுள்ள அபியா இல்லத்தில் ஒரே நேரத்தில் மூவர், ஏழு இரவுகள் வரை தங்கலாம். பணியாளர் அனைவரும் நெருக்கடியைக் கடந்து வந்தவர்கள். நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்திலுள்ள டுபு ஆகே பத்துப் பேர் தங்கும் இல்லமாகும். மருத்துவமனைச் சேர்க்கைக்கு மாற்றாக அது விளங்குகின்றது. சென்னையில் 1993 இல் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பின் ‘மீண்டும் வீடு’ என்னும் பொருள்படும் ஹோம் அகெய்ன் திட்டமும் அவ்வழிகாட்டியில் இடம்பெற்றுள்ளது. அது நெருக்கடி இல்லமன்று; நெடுங்காலம் மருத்துவமனையில் இருந்தோர் சிறு குழுவாகச் சமூகத்தில் வாடகை வீட்டில் வாழும் முறை. ஒரே நிலையினர் ஒருவர்க்கொருவர் குடும்பமாவதற்கு அதில் இடமுண்டு. குசராத்தின் அரசு மனநலச் சேவைகளில் உரிமைசார் தரத்தை மேம்படுத்தும் திட்டம் ஒன்றில் அனுபவத் துணைவர் பயிற்சி பெற்றுப் பணியாற்றியதும் இந்திய அளவில் கருதத்தக்கது.

7. தமிழ்நாட்டில் ஒருங்கிணைப்பதற்கான வழி

தமிழ்நாட்டில் இதற்கான அமைப்புகள் பல முன்னரே உள்ளன. மாவட்ட மனநலத் திட்டம் மாவட்ட மருத்துவமனையை மையமாகக் கொண்டு இயங்குகின்றது. 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில், ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவை 2022 முதல் செயல்படுகின்றது. ஆதரவற்ற மனநோயாளர்க்கான அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் சில மாவட்டங்களில் உள்ளன. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் வீடுதோறும் செல்கின்றனர். சென்னையில் 1984 இல் சாரதா மேனனால் நிறுவப்பட்ட ஸ்கார்ப், 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டுவரும் சினேகா போன்ற தன்னார்வ நிறுவனங்களின் நெடிய அனுபவமும் உண்டு. புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. இருக்கும் அமைப்புகளுக்கிடையே ஒரு கண்ணி தேவைப்படுகின்றது.

அக்கண்ணியைப் பின்வருமாறு அமைக்கலாம். மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்படுவதற்கு முன்பே அனுபவத் துணைவர் பயனாளரைச் சந்தித்தல் வேண்டும். அறிமுகமற்ற ஒருவர் பின்னர் வீட்டு வாயிலில் வந்து நிற்பது பொருந்தாது. முதல் ஒரு மாதம் வாரம் ஒருமுறையும் அடுத்த மூன்று மாதங்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறையும் சந்திப்பு நிகழலாம். வீட்டில் சந்திக்க விரும்பாதோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையமோ பொது இடமோ ஏற்பாடு செய்யலாம். தொடக்க அறிகுறிகளைப் பட்டியலிடுதல், பாதுகாப்புத் திட்டம் எழுதுதல், முன்விருப்ப ஆவணம் தயாரித்தல், வேலைக்கோ கல்விக்கோ திரும்புதல் ஆகிய நான்கும் சந்திப்புகளின் வரையறுத்த பணிகளாகலாம். நான்கு மாத இறுதியில் துணை படிப்படியாக விலகுதல் வேண்டும்.

நெருக்கடியின் உச்சமான இரண்டாம் கட்டத்தில் அனுபவத் துணைவரைத் தனியே அனுப்புதல் கூடாது. அங்கு மருத்துவக் குழுவின் ஓர் உறுப்பினராக மட்டுமே அவர் செல்லலாம். பணி நிலைபெற்ற பின்னரே அக்கட்டத்திற்கு விரிவாக்குதல் முறையாகும்.

8. கவனத்திற்குரிய வரையறைகள்

8.1 ஊதியமும் பணிநிலையும்: அனுபவத் துணைவரை மலிவான பணியாளராகக் கருதும் அபாயம் பெரிது. செவிலியர் பற்றாக்குறையை ஈடுசெய்யவோ மருந்து எண்ணிப் பார்க்கவோ அவரைப் பயன்படுத்தினால், அவர் துணைவராக இருக்கும் தன்மையை இழக்கின்றார். ‘தன்னார்வம்’ என்னும் பெயரில் ஊதியம் மறுக்கப்படுதலும் ஏற்கத்தக்கதன்று. முன்னரே பணிச்சுமை மிகுந்துள்ள மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடம் இப்பணியையும் சேர்த்து ஒப்படைப்பது தீர்வாகாது. அவர்களுக்கு அவ்வனுபவம் இருத்தல் வேண்டும் என்பதுமில்லை.

8.2 ஒப்புதலும் வற்புறுத்தலும்: சிகிச்சையை மறுக்கும் ஒருவரை இணங்கச் செய்வதற்கான கருவியாகத் துணைவரைப் பயன்படுத்துதல் கூடாது. அவ்வாறு ஒருமுறை நிகழ்ந்தால் நம்பிக்கை குலைந்துவிடும். துணைவர் மருத்துவர் சார்பில் பேசுபவர் அல்லர். மருத்துவத்திற்கு எதிராகப் பேசுபவரும் அல்லர்.

8.3 மறைகாப்பு: பயனாளர் கூறுவது மறைவாகக் காக்கப்படும், உயிருக்கு அபாயம் எனத் தோன்றினால் மட்டும் குழுவிடம் தெரிவிக்கப்படும். இவ்விதி முதற்சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். சிற்றூர்களில் ஒரு வீட்டிற்கு யார் வந்து போகின்றார் என்பதே செய்தியாகும். துணைவர் மனநோய் அனுபவம் உள்ளவர் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தால், அவருடைய வருகையே அவ்வீட்டாரின் மறைபொருளை வெளிப்படுத்திவிடும். எனவே அதே ஊரைச் சேராத, ஆனால் அதே வட்டாரத்தை அறிந்த துணைவரே ஏற்றவர்.

8.4 சாதியும் பாலினமும்: நோயனுபவம் ஒத்திருப்பினும் வாழ்வனுபவம் ஒத்திராது. பெண்ணுக்குப் பெண் துணைவரை அமர்த்துதல் அடிப்படைத் தேவை. துணைவரின் சாதி கேட்டு வீட்டினுள் அனுமதி மறுக்கப்படும் நிலை நேருமாயின், துணைவரை மாற்றிச் சமாளித்தல் அநீதிக்கு உடன்படுதலாகும். இத்தகைய சூழலை எதிர்கொள்ளும் பொறுப்பு மேற்பார்வையாளருடையது. துணைவர் தனியே சுமக்க வேண்டியதன்று.

8.5 துணைவரின் நலம்: பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பது பழைய காயங்களைக் கிளறக்கூடும். வாரந்தோறும் மேற்பார்வை உரையாடல், நோய்க்கால விடுப்பு, ஒவ்வொரு மருத்துவமனையிலும் குறைந்தது இரு துணைவர் ஆகியவை தேவை. தனியொருவராக அமர்த்தப்படுபவர், பெரும் நிறுவனத்திற்குள் விரைவில் காட்சிப் பொருளாகிவிடுவார். அவர் மீண்டும் நோயுற நேர்ந்தால், அது பணிநீக்கத்திற்குக் காரணமாகாது என்பது பணி விதிகளிலேயே இடம்பெறல் வேண்டும்.

9. முடிவுரை

நெருக்கடிப் பராமரிப்பின் வலுவற்ற பகுதி, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்வரும் சில மாதங்களே என்பது மேற்கண்ட விளக்கங்களால் பெறப்படுகின்றது. அக்காலத்தில் நிகழும் முறையான தொடர்பு உயிர்காக்கும் என்பதற்குச் சென்னையும் கொழும்பும் பங்கேற்ற ஆய்வே சான்றாக உள்ளது. அத்தொடர்பை ஒத்த அனுபவமுடையோர் மேற்கொள்ளும்போது மறு சேர்க்கை குறையக்கூடும் என 2018 ஆய்வும், எல்லாச் சூழலிலும் அவ்வாறு நிகழாது என 2022 ஆய்வும் காட்டுகின்றன. ஆகவே கால எல்லை, வரையறுத்த பணி, ஊதியம், மேற்பார்வை ஆகியவற்றோடு, ஓரிரு மாவட்டங்களில் சிறு அளவில் தொடங்கி, முடிவுகளை வெளிப்படையாக அளந்து, பின்னர் விரிவாக்குதலே முறையாகும். தமிழ்ச் சூழலில் அனுபவத் துணைவர் எதிர்கொள்ளும் சாதி, பாலினம், மறைகாப்புச் சிக்கல்கள் தனித்த கள ஆய்வுகளுக்கு உரியன.

மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசின் கடமையாக வகுத்துள்ள பராமரிப்பு, மருத்துவமனை வாயிலோடு முடிவதன்று. வீடு திரும்புபவரின் சீட்டில் மருந்தின் பெயரும் அடுத்த வருகை நாளும் எழுதப்படுகின்றன. அவற்றோடு, அந்நாளுக்கு முன்னர் அவரைக் காண வரவிருக்கும் ஒருவரின் பெயரும் எழுதப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பரிந்துரையாகும்.